கை பொறுக்கிற சூடு

கங்கைகொண்டான்,
ஜனவரி 12, 2026.

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் ஸ்வீட்லினுக்கு,

மாமி சாரம்மாள் எழுதுவது. நானும் மாமாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. நீ அங்கே மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, நைட் டூட்டி முடிந்து வந்தால் ஒழுங்காகத் தூங்குகிறாயா, இல்லை அறையில் இருக்கிற பிள்ளைகளோடு வாயடித்துக்கொண்டு கிடக்கிறாயா என்று தெரியப்படுத்து.

தினமும் வீடியோவில் பேசுகிற மாமி கடுதாசி எழுதுகிறாளே என்று பதறாதே. போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. நீ அழுவாய், நானும் அழுவேன், கடைசியில் "என்ன குழம்பு மாமி?" என்று கேட்டு முடித்துவிடுவாய். பாளையங்கோட்டையில் ஹாஸ்டல் வார்டனாக இருந்து ஊர்ப்பட்ட பிள்ளைகளை அதட்டி மேய்த்தவள் நான். உன்னிடம் ஒரு காரியத்தை நேராகச் சொல்ல மட்டும் துப்பில்லை. நம்மிடம் பூ எடுக்கிற மைதீன் அண்ணாச்சியின் மகன் இர்ஷாத் லீவு முடிந்து இந்த வாரம் மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். கூடவே கருப்பட்டியும் கொஞ்சம் முறுக்கும் இருக்கும். முதலில் கடிதத்தைப் படி, பிறகு தின்னு.

கிறிஸ்துமஸ் முடிந்து உன் அம்மாவும் உன் அண்ணன் கிங்ஸ்டனும் திசையன்விளையிலிருந்து வந்திருந்தார்கள். வந்த காரியம் உனக்குத் தெரியும். உன் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற சாத்தான்குளத்துப் பையன் ஜோஷுவா உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டானாம், நீ முடியாது என்றுவிட்டாயாம். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, நான் சொன்னா அவ கேக்க மாட்டேங்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அழுதாள். நீ சொன்ன பதிலையும் அப்படியே சொன்னாள். "அவுக போட்ட கொட்டகையில பூ பூக்குத வரைக்கும் நான் அவுக பெஞ்சாதிதான்" என்றாயாமே.

அதைக் கேட்டதும் மாமா எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டார். நான் உன் அம்மாவுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தேன். நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

ஸ்வீட்லின், கொட்டகையில் இனிமேல் பூ பூக்காது. மல்லிகைச் செடிகள் எல்லாம் போய்விட்டன.

இந்த இடத்தில் கடிதத்தை மடக்கி வைத்துவிட்டு அழுவாய் என்று எனக்குத் தெரியும். அழு. அழுது முடித்துவிட்டு மீதியைப் படி. நான் எங்கே போகப் போகிறேன்.

முதலிலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஆறுகிறது, பொறுத்துக்கொள்.

உங்கள் கல்யாணம் தை மாசம். பனியில் மல்லிகைச் செடி மொட்டு வைக்காத காலம். மார்க்கெட் முழுக்க அலைந்தும் கல்யாணப் பெண்ணின் தலைக்கு மல்லிகை கிடைக்காமல் கனகாம்பரத்தைக் கட்டி அனுப்பினார்கள். வெள்ளைப் பட்டுக்கு ஆரஞ்சுக் கனகாம்பரமா என்று நான் கோயில் வாசலிலேயே முனகினேன். எனக்கு வாய் சும்மா இருக்காதே! உன் முகம் சுண்டிப்போனது. என் பிள்ளை ஹெப்ரான் என்னைப் பார்த்து, "எம்மா, பேசாம இரி. அடுத்த வருசம் இதே நாள்ல நானே மல்லி பூக்க வச்சு அவ தலையில வைக்கேன்" என்றான். மாப்பிள்ளை முறுக்கு, நாலு நாளில் மறந்துவிடுவான் என்று நினைத்தேன். மறக்கிற பிள்ளையா அவன்?

அவன் வேலை பார்த்த கம்பெனியில் பாய்லர் பக்கத்திலிருந்து வருகிற சுடுதண்ணீரைச் சிமெண்டுத் தொட்டியில் விட்டுச் சும்மா ஆற வைப்பார்கள். "இம்புட்டுச் சூட்டையும் காத்துல விடுதாங்களே, பாவம்லா" என்று வீட்டுக்கு வந்து புலம்புவான். சோறு சிந்தினால் எனக்கு எப்படிப் பொறுக்காதோ, அப்படி அவனுக்குச் சூடு. மேலாளர் ஐயம்பெருமாள் சாரை நச்சரித்து, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருந்த நம் நிலத்துக்கு அந்தத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தான். மல்லிகைப் பாத்திகளுக்கு அடியில் அது சுற்றி, ஆறி, திரும்பக் கம்பெனிக்கே போகும். மேலே பாலித்தீன் கூரை. அதிகாரிகள் வந்து பார்த்துப் பசுமைக்குடில் என்று எழுதிக்கொண்டார்கள். நமக்கு அது கொட்டகைதான்.

ஊரே சிரித்தது. "திருநவேலி வெயிலு பத்தாதுன்னு பாக்கியசீலன் மவன் செடிக்கு வெந்நி வைக்கான் வே" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மார்கழி வந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒருத்தர் தோட்டத்திலும் மொட்டு இல்லை. நம் கொட்டகைக்குள் நுழைந்தால் வெதுவெதுவென்று சித்திரை மாசம் மாதிரி இருக்கும், கிளைக்குக் கிளை மொட்டு. முதல் பறிப்பைக் கோயிலுக்குக் கொடுத்தான். தையில் உங்கள் கல்யாண நாளன்று உன் தலையில் முழங்கணக்கில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான் பார், அந்தச் சிரிப்புக்கே அவனை நாலு சாத்துச் சாத்தியிருக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் தினமும் கையை விட்டுப் பார்ப்பான். அவனிடம் மெஷின் எதுவும் கிடையாது. "நம்ம கை பொறுக்குத சூட்டைத்தான் வேரும் பொறுக்கும்ப்பா" என்று மாமாவுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

பிறகு அந்த மார்கழி வெள்ளம். "பாலித்தீனை இறுக்கிக் கட்டிட்டு வந்துருதேன், சோத்தை எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். குளம் உடைந்தது. எடுத்து வைத்த சோறு அப்படியே இருந்தது. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

கூரை சாய்ந்து, சேறு முழங்கால் மட்டும் கிடந்த கொட்டகையில் நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் அள்ளிச் செடிகளை மீட்டதை நான் மறக்க மாட்டேன். தாலியைக் கழற்ற வந்த சொந்தக்காரப் பெண்களை நான் வாசலோடு விரட்டினதை நீயும் மறந்திருக்க மாட்டாய். ஆனால் பூ வைப்பதை நீயே விட்டுவிட்டாய். நான் எத்தனை தடவை கட்டிக் கொடுத்திருப்பேன்! வாங்கி அவன் படத்துக்குப் போடுவாய். படத்துக்கு மாலை போடுவது நம் சபை வழக்கமில்லை என்று போதகர் ஐயர் சொன்னதற்கும் நீ அசையவில்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். புரட்டாசியில் ஐயம்பெருமாள் சார் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கம்பெனியில் புதிதாக ஏதோ மெஷின் மாட்டுகிறார்களாம், வெளியே போகிற சூட்டை எல்லாம் பிடித்து உள்ளேயே மறுபடி பயன்படுத்திக்கொள்ளுமாம். "தப்பா எடுத்துக்கிடாதீங்கம்மா, இனி உங்களுக்கு அனுப்ப சூடு மிஞ்சாது. ஹெப்ரான் அப்பமே சொல்லிக்கிட்டிருப்பான், இதை வீணாக்குதோம் சார்னு. இப்பத்தான் மேல இருக்கவங்க காதுல ஏறியிருக்கு" என்றார். யாரைத் திட்ட? என் பிள்ளை பேச்சைக் கேட்டுத்தானே அவர்கள் செய்கிறார்கள். திட்டக்கூட ஆள் கிடைக்காத துக்கம் எனக்கு.

ஐப்பசியில் குழாய் சில்லிட்டது. கார்த்திகைப் பனியில் இலை பழுத்து உதிர்ந்தது, ஒரு மொட்டு இல்லை. உனக்குச் சொல்லக் கூடாது என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கினார். நீ வீடியோவில் கேட்டபோதெல்லாம் போனில் சார்ஜ் இல்லை, கொட்டகைப் பக்கம் சிக்னல் இல்லை என்று அவர் சொன்னது ஒன்றும் நிஜமில்லை. கல்யாண நாளுக்குப் பூவைக் காட்டுங்க மாமா என்று நீ கேட்டிருக்கிறாய், அவர் சரி என்றிருக்கிறார். வாய் தவறி வாக்குக் கொடுக்கிற மனுஷன் இல்லை அவர். கொடுத்துவிட்டார்.

கோயில் வேலை பார்க்கிற கோவில்பிள்ளையிடம் கெஞ்சி, சபையில் அசன விருந்துக்குச் சோறு பொங்குகிற பெரிய அண்டாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கொட்டகை வாசலில் அடுப்பு வெட்டி, பனைமட்டையும் விறகுமாக எரித்து, அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, அதைக் குழாயில் விட ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி செய்த வேலையை இந்த ஒற்றை ஆள்! நான் கத்தினேன். "கிறுக்கு புடிச்சிட்டா உங்களுக்கு?" என்று கேட்டேன். "பிள்ளை கேட்டிருக்காள்லா" என்று மட்டும் சொன்னார். நானும் மட்டை பொறுக்கிப் போட்டேன். பச்சைத் தண்ணீர் கலந்து, கையை விட்டுப் பார்த்து, மகன் சொல்லிக்கொடுத்த மாதிரியே விடுவார். ஏட்டி, நம்புவாயா, மொட்டு வைத்தது! அரிசி மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக. மாமா என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் உன் அம்மா வந்தாள், நீ சொன்ன வார்த்தையைச் சொன்னாள். பூ பூக்கிற வரை அவர் மகனுடைய மனைவி என்று மாமா காதில் விழுந்ததா, அதற்குப் பிறகு அவர் அடுப்பை அணைக்கவே இல்லை. பூ நின்றால் நீ போய்விடுவாய் என்று அவருக்கு. நீ போகாமலேயே இருந்துவிடுவாயோ என்று எனக்கு. ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு பயத்தோடு ஒரே அடுப்புக்கு விறகு தள்ளினோம்.

புது வருஷத்து முதல் ஞாயிறு. பனி கண்ணை மறைத்தது. மூட்டு வலிக்கிறது, நீ மட்டும் ஆராதனைக்குப் போ என்று என்னை அனுப்பினார். அன்றைக்கு ஐயர் பிரசங்கம் என்ன தெரியுமா? வேதத்தில் வருகிற, புருஷன் செத்த பிறகும் மாமியாரை விட்டுப் பிரியாத மருமகளைப் பற்றி. பிரசங்கம் முடிந்ததும் பெண்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்து, உன் மருமகளும் அப்படித்தான் என்கிறார்கள். பெருமையாக இருக்க வேண்டியது, எனக்கு எரிந்தது. அந்தக் கதையில் இன்னொரு மருமகளும் உண்டே, மாமியாருக்கு முத்தம் கொடுத்துவிட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போனவள். அவளும் அழுதுகொண்டுதானே போனாள். அவளைப் பற்றி ஒருத்தரும் பிரசங்கம் பண்ணுவதில்லை. அவள் அப்புறம் நன்றாக இருந்தாளா என்று கேட்க நாதியில்லை.

இப்படி நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், கொட்டகையிலிருந்து ஆவி வருகிறது. கீரை வேகிற வாடை. உள்ளே ஓடினேன். குழாய் இளகி, மூட்டுக்கு மூட்டு விட்டுப்போய், கொதிக்கிற தண்ணீர் அத்தனையும் பாத்திகளில் தேங்கி நிற்கிறது. செடிகள் நின்ற நிலையிலேயே வெந்திருந்தன. மாமா நடுவில் நின்றுகொண்டு, "கையை வச்சுப் பாத்துட்டுத்தான்ளா விட்டேன். பொறுக்கத்தான் செஞ்சுது. பொறுக்கத்தான் செஞ்சுது" என்று அதையே சொன்னார்.

அவர் கையைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். விரலில் தோல் வழன்று தொங்குகிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. சர்க்கரை அவர் காலில் உணர்ச்சியைத் தின்றுவிட்டது நமக்குத் தெரியும். கைக்கும் ஏறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், புண் ஆறிவிடும், உணர்ச்சி இனி வராது என்றார் டாக்டர். நீ நர்ஸ், உனக்கு நான் சொல்லவா. கூட இருந்திருந்தால் பார்த்திருப்பேனே என்று நீ மருகுவாய். மருகாதே. கூடவே இருக்கிற நானே பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவர் பேசுவதில்லை. சோற்றைப் பிசைந்து நான் ஊட்ட வேண்டியிருக்கிறது. கட்டுப் போட்ட கை என்பதால் மட்டும் இல்லை. ஒரே ஒரு நாள் வாயைத் திறந்தார். "அவனை வெள்ளம் கொண்டு போச்சு. மிச்சம் இருந்ததை நான் அழிச்சுட்டேன். அந்தப் பிள்ளைகிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றார். பிறகு, கடைசி வழியாக, மைதீன் அண்ணாச்சிக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். எங்கிருந்தாவது கொஞ்சம் மல்லிகை மொட்டு வேண்டும், செடியில் கட்டி இப்போதே வீடியோ எடுத்து வைத்துக் கல்யாண நாளில் உனக்குக் காட்ட.

அண்ணாச்சி பூவோடு வந்தார். மார்க்கெட்டில் யானை விலை, ஆனாலும் வாங்கி வந்தார். வெந்த செடிகளைப் பார்த்தார். பூப்பொட்டலத்தை என் கையில் தந்து, "தங்கச்சி, குடுக்கேன். இதைக் கட்டிக் காட்டுனா அந்தப் பிள்ளை நம்பும். நம்பி இன்னும் ஒரு வருசம் அங்கன ஒத்தையில உக்காந்திருக்கும். அடுத்த தைக்கும் நான் பூ கொண்டு வரணும். எம்புட்டு வருசம் கொண்டு வரணும்னு மட்டும் சொல்லிருங்க" என்றார். அவர் பெண் பிள்ளை பெற்றவர். பைய எழுந்து போய்விட்டார். அந்த மொட்டு பாத்திரத்தில் விரிந்து, வாடி, நேற்றுக் குப்பைக்குப் போனது. நான் ஒன்றையும் செடியில் கட்டவில்லை.

ஏட்டி ஸ்வீட்லின், நன்றாகக் கேட்டுக்கொள். நீ உன் வாயால் வைத்த தவணை முடிந்துபோனது. பூ பூக்கிற வரைக்கும் என்றாய். இனிப் பூ இல்லை. நீ வாக்குத் தவறவில்லை. ஜோஷுவாவைக் கட்டிக்கொள்.

உன் அம்மா போனில் அவன் படத்தைக் காட்டினாள். காது கொஞ்சம் பெரிது, பரவாயில்லை. நான் சும்மா இருப்பேனா, சாத்தான்குளத்தில் இருக்கிற, என் ஹாஸ்டலில் தங்கிப் படித்த பிள்ளை சொர்ணாம்பாளைப் பிடித்து விசாரித்தேன். தங்கமான குடும்பம், பையன் குடிக்க மாட்டான், சத்தமாகச் சிரிப்பான் என்றாள். உன்னைச் சுற்றிக் கொஞ்சம் சத்தம் இருக்கட்டும். பொய் சொல்ல மாட்டேன், அந்தப் படத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை என்னோடு இருக்கட்டும், உனக்கு அதில் பங்கு வேண்டாம்.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இதைப் படித்து முடித்ததும் மாமாவுக்குப் போன் போடு. செடி போனது பரவாயில்லை மாமா என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால் அவர் இன்னும் உடைந்து போவார். உனக்கு அப்பா இல்லை. முதல் கல்யாணத்துக்குக் கிங்ஸ்டன்தான் உன் கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டி வந்தான். இந்தத் தடவை மாமா கூட்டி வர வேண்டும் என்று கேள். மருமகளை மாமனார் கூட்டிக்கொண்டு போய் இன்னொருத்தன் கையில் கொடுக்கிறதா என்று ஊர் பேசும். பேசட்டும். வெந்நி வைத்தபோதும் பேசினார்கள். நீ கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். உனக்கு இல்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, அதனால்தானே இத்தனையும். அவர் திரும்பச் சோறு தின்ன எனக்கு வேறு வழி தெரியவில்லை, தாயே.

கல்யாணம் எந்த மாசம் வைத்தாலும் மல்லிகைக்காகக் காத்திருக்காதீர்கள். கிடைக்காவிட்டால் கனகாம்பரம் வைத்துக்கொள். அன்றைக்கு நான் முனகினேனே தவிர, உனக்கு நன்றாகத்தான் இருந்தது. தலையில் பூ இல்லாமல் மட்டும் வராதே.

கர்த்தர் உன் புது வீட்டில் விளக்கு அணையாமல் வைப்பார். இந்த வீட்டு வாசலும் உனக்கு எப்போதும் திறந்தே இருக்கும். வரும்போது அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வா.

இன்னொன்று. அதற்குள் மாமாவின் கை ஆறியிருக்கும். ஆனால் நீ பிடித்திருப்பது அந்தக் கைக்குத் தெரியாது. கோயிலுக்குள் நடக்கும்போது கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள், மகளே.

இப்படிக்கு,
உன்னை ஜெபத்தில் சுமக்கும்
மாமி சாரம்மாள்